40 மிருதங்கப் பாடங்கள்: வீடியோக்களை எங்கே வைப்பது?

கேள்வி: மிருதங்கம் கற்றுத் தருகிறேன். சொந்தமாக ஒரு வேர்ட்பிரஸ் வெப்சைட் இருக்கிறது, சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங்கில். தலா பத்து நிமிடம் வரும் 40 பாடங்களை ஐபோனில் எடுத்து வைத்திருக்கிறேன். ஐந்தாறு பாடங்களை யாரும் பார்க்கலாம். மற்றவை கட்டணம் கட்டிய 60 மாணவர்களுக்கு மட்டும். சிலர் கனடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். ஹோஸ்டிங் பிளானில் ‘அன்லிமிடெட்’ என்று போட்டிருக்கிறது. அங்கேயே ஏற்றிவிடலாமா, யூடியூபில் போட்டு இணைப்பதா, வேறு வழி உண்டா?

பதில்: எல்லோருக்குமான பாடங்களை யூடியூபில் போடுங்கள். மாணவர்களுக்கான பாடங்களைப் பணம் கட்டி வாங்கும் வீடியோ சேவை ஒன்றில் வையுங்கள். நீங்கள் சொல்லும் அளவுக்கு மாதம் ஆறு டாலருக்குள் முடிந்துவிடும். உங்கள் ஹோஸ்டிங்கில் முகப்புப் பக்கத்துக்கான அரை நிமிடத் துணுக்கு ஒன்று இருக்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

இந்த முடிவுக்கு வர ஒரு கணக்குப் போட்டாலே போதும். 1 எம்பிபிஎஸ் (விநாடிக்கு ஒரு மெகாபிட்; 8 மெகாபிட் சேர்ந்தால் 1 எம்பி) வேகத்தில் ஓடும் வீடியோ நிமிடத்துக்கு 7.5 எம்பி டேட்டா எடுக்கும். ஐபோனில் 1080பி, விநாடிக்கு 60 பிரேமில் (படத்தில்) ஹை எஃபிஷியன்சி முறையில் எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 90 எம்பி. அதாவது ஒரு பாடம் 900 எம்பி, நாற்பதும் சேர்ந்து 36 ஜிபி. இதை அப்படியே இணையத்தில் வைக்கக் கூடாது. 720பி, 60 பிரேமாகச் சுருக்கினால், பின்னணி அசையாமல் ஒருவர் உட்கார்ந்து வாசிக்கும் படம் 2 எம்பிபிஎஸ்ஸுக்குள் நன்றாகவே வரும். பாடத்துக்கு 150 எம்பி, மொத்தம் 6 ஜிபி. இடம் ஒரு பிரச்சினையே இல்லை.

வெளியே போகும் டேட்டாதான் பிரச்சினை. 60 மாணவர்கள் மாதம் தலா 20 தடவை பார்த்தால் 1,200 பார்வைகள். ஒவ்வொன்றும் 150 எம்பி என்றால் 180 ஜிபி. ‘அன்லிமிடெட்’ பிளானின் விதிமுறைகளைத் திறந்து ‘நியாயமான பயன்பாடு’ என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். வீடியோ, ஆடியோ கோப்புகளைச் சேர்த்து வைக்கவும் பரிமாறவும் கூடாது என்ற வரி பெரும்பாலும் அங்கே இருக்கும். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலில் ‘ரிசோர்ஸ் யூசேஜ்’ பக்கத்தையும் பாருங்கள். ஐஓ வரம்பு, அதாவது டிஸ்கிலிருந்து படிக்கும் வேகத்தின் உச்சம், விநாடிக்கு 1 எம்பி என்று வைத்திருக்கும் பிளான்கள் உண்டு. 1 எம்பி என்பது 8 எம்பிபிஎஸ். உங்கள் வீடியோ 2 எம்பிபிஎஸ் என்றால் நாலு பேர் ஒரே நேரத்தில் பார்த்தாலே வரம்பைத் தொட்டுவிடும். ஞாயிறு மாலை புதுப் பாடம் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சொன்ன அடுத்த நிமிடம் முப்பது பேர் திறப்பார்கள். வீடியோ மட்டுமல்ல, உங்கள் வெப்சைட்டே திறக்காது.

யூடியூப்: எதற்கு ஏற்றது, எதற்கு ஆகாது

தேடி வருகிறவர்களுக்கு உங்களைக் காட்ட யூடியூபை விட்டால் வேறு இடமில்லை. செலவும் இல்லை. போன் எண்ணைச் சரிபார்க்காத கணக்கில் 15 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோ ஏறாது. சரிபார்த்துவிட்டால் 12 மணி நேரம் வரை ஏற்றலாம். ஏற்றும்போது சுருக்கிய கோப்பைக் கொடுக்காதீர்கள், போனில் எடுத்த அசலையே கொடுங்கள். யூடியூப் எப்படியும் மறுபடி சுருக்கும். இரண்டு முறை சுருங்கினால் விரல் அசைவுகள் குழைந்துபோகும். 60 பிரேம் ஓட்டம் 720பியிலும் அதற்கு மேலும்தான் வரும் என்பதை மாணவர்களிடம் சொல்லி வையுங்கள். தரத்தை 480பிக்குக் குறைத்துப் பார்ப்பவருக்கு 30 பிரேம்தான் கிடைக்கும். வேகமான சொற்கட்டில் விரல் எங்கே விழுகிறது என்பது அவருக்குத் தெரியாது.

கட்டணப் பாடங்களை ‘அன்லிஸ்டெட்’ என்று போட்டுச் சமாளிக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். அன்லிஸ்டெட் என்றால் தேடலில் வராது, அவ்வளவுதான். லிங்க் கையில் கிடைத்த யாரும் பார்க்கலாம், அடுத்தவருக்கு அனுப்பலாம். உங்கள் பக்கத்துக்குப் பாஸ்வேர்டு போட்டாலும், உள்ளே இருக்கும் பிளேயரின் மேல் ஒரு தட்டு தட்டினால் யூடியூப் முகவரி வெளியே வந்துவிடும். இன்னொன்று: நீங்கள் விளம்பர வருமானத்தில் சேராவிட்டாலும் உங்கள் வீடியோவில் விளம்பரம் காட்டும் உரிமையை யூடியூப் 2021 முதல் தன் விதிமுறையில் வைத்திருக்கிறது. தாளக் கணக்கு நடந்துகொண்டிருக்கும்போது நடுவே சோப்பு விளம்பரம் வந்தால் பாடம் அறுந்துபோகும்.

பொதுப் பாடங்களை வெப்சைட்டில் இணைக்கும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒரே பக்கத்தில் ஆறு யூடியூப் பிளேயரை வைத்தால், யாரும் பிளே அழுத்தாமலேயே ஒவ்வொன்றும் தன் ஸ்கிரிப்டுகளை இறக்கத் தொடங்கும். மெதுவான மொபைலில் பக்கம் தவழும். முதலில் படத்தை மட்டும் காட்டி, தட்டிய பிறகு பிளேயரைக் கொண்டுவரும் ‘லேசி லோட்’ பிளகின் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்து, பிளேயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘பிழை 153’ என்று வந்தால் வீடியோவில் குறையில்லை. எந்தத் தளத்திலிருந்து அழைப்பு வருகிறது என்ற தகவலை உங்கள் வெப்சைட் மறைக்கிறது. பாதுகாப்புப் பிளகினில் ‘ரெஃபரர் பாலிசி’ என்ற அமைப்பை ‘நோ ரெஃபரர்’ என்பதிலிருந்து ‘ஸ்ட்ரிக்ட் ஆரிஜின் வென் கிராஸ் ஆரிஜின்’ என்று மாற்றினால் சரியாகும்.

மாணவர் பாடங்களுக்கு எது?

மூன்று சேவைகளை உங்கள் கணக்கிலேயே வைத்துப் பார்ப்போம். கட்டணங்கள் மாறக்கூடியவை; சேரும் முன் அவரவர் பக்கத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கிளவுட்ஃபிளேர் ஸ்ட்ரீம் நிமிடக் கணக்கில் வாங்கும்: சேமிக்க 1,000 நிமிடக் கட்டு ஒன்றுக்கு 5 டாலர், பார்க்க 1,000 நிமிடத்துக்கு 1 டாலர். உங்களுக்கு 400 நிமிடம் சேமிப்பு, 12,000 நிமிடம் பார்வை. ஒரு கட்டுக்கு 5, பார்வைக்கு 12, ஆக மாதம் 17 டாலர். பன்னி ஸ்ட்ரீம் டேட்டா கணக்கில் வாங்கும்: ஆசியாவுக்கு ஜிபிக்கு 3 சென்ட், வட அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் 1 சென்ட். 180 ஜிபியும் ஆசியாவுக்கே போனாலும் 5 டாலர் 40 சென்ட். சேமிப்புக்குச் சில சென்ட். கிளவுட்ஃபிளேர் ஆர்2 என்பது வெறும் கோப்பு கிடங்கு: முதல் 10 ஜிபி இலவசம், வெளியே போகும் டேட்டாவுக்குக் கட்டணமே கிடையாது. உங்கள் 6 ஜிபிக்குச் செலவு பூஜ்யம்.

பூஜ்யம் என்றதும் அங்கே ஓட வேண்டாம். ஆர்2 வீடியோவை வீடியோவாகப் பார்க்காது. கொடுத்த ஒரு கோப்பை அப்படியே கொடுக்கும். சிக்னல் குறைந்த இடத்தில் இருக்கும் மாணவருக்குத் தரத்தைக் குறைத்து அனுப்பத் தெரியாது. அவருக்குச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். பொதுவில் திறந்து வைத்தால் லிங்க் கிடைத்தவர் எல்லோரும் இறக்கிக்கொள்ளலாம். சொந்த டொமைனை அதோடு இணைக்க வேண்டும் என்றால் டொமைனின் நேம்சர்வரையும் கிளவுட்ஃபிளேருக்கு மாற்ற வேண்டும். அப்போது ஈமெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவுகள் சரியாக நகர்ந்தனவா என்று பார்க்காமல் விட்டால் உங்கள் டொமைன் ஈமெயில் நின்றுபோகும். கோடிங் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் ஆர்2 நல்ல இடம்.

உங்களுக்கு நாங்கள் சொல்வது பன்னி ஸ்ட்ரீம் மாதிரியான சேவை. ஒரு கோப்பை ஏற்றினால் 360, 480, 720 என்று பல தரங்களில் அதுவே செய்துகொள்ளும். பார்ப்பவரின் இணைய வேகத்துக்கு ஏற்ப தானாக மாறும். கணக்கில் முன்பணம் போட்டு வைத்தால் அதிலிருந்து கழியும் என்பதும் இந்தியாவில் இருப்பவர்களுக்கு வசதி. வெளிநாட்டுச் சேவைக்குக் கார்டில் மாதாமாதம் தானாகக் கழியும் ஏற்பாடு வங்கிப் பக்கம் நின்றுபோனால் அத்தனை பாடமும் ஒரே நாளில் இருண்டுவிடும். இருப்பு குறைந்தால் எச்சரிக்கை வரும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றியதும் இரண்டு அமைப்புகளை மறக்காமல் மாற்றுங்கள். ‘அனுமதிக்கப்பட்ட டொமைன்கள்’ என்ற இடத்தில் உங்கள் வெப்சைட் பெயரை மட்டும் போடுங்கள். வேறு தளத்தில் ஒட்டினால் ஓடாது. ‘டோக்கன்’ (லிங்கோடு சேரும் தற்காலிகச் சாவி) பாதுகாப்பை இயக்குங்கள். லிங்க் சில மணி நேரத்தில் காலாவதியாகும், வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் பயன்படாது. டோக்கனை உருவாக்கித் தரும் பிளகினோ சில வரி நிரலோ வேர்ட்பிரஸில் இருக்க வேண்டும், அது இல்லாமல் இயக்கினால் மாணவர்களுக்கும் ஓடாது. திரையைப் பதிவு செய்வதை இவை எதுவும் தடுக்காது. மாணவர் பெயர் மங்கலாகத் திரையில் தெரியும்படி செய்தால் கூச்சத்தில் பகிராமல் இருப்பார்கள். அதற்கு மேல் செலவு செய்வது வீண்.

கோப்பைத் தயார் செய்வது

பெரும்பாலான கோளாறு இங்கேதான் பிறக்கிறது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் போதும். வீடியோ சேவையில் ஏற்றுவதாக இருந்தால் அசலையே ஏற்றலாம். இணைய இணைப்பு மெதுவென்றால் ‘ஆர்எஃப்’ என்ற தர எண் 18இல் ஒருமுறை சுருக்கி ஏற்றுங்கள். நேரடியாக எம்பி4 கோப்பாகக் கொடுக்கப்போகும் வீடியோவுக்கு, அதாவது முகப்புத் துணுக்குக்கும் ஆர்2 வழியில் போவோருக்கும், அமைப்புகள் இவை:

கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை) ஹெச்.264. ஐபோன் ஹை எஃபிஷியன்சி முறையில் எடுக்கும் ஹெச்இவிசி பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் சத்தம் மட்டும் வந்து படம் கறுப்பாக நிற்கும், ஹெச்.264 ஓடாத பிரௌசர் இன்று கிடையாது என்றே சொல்லலாம். தர எண் 23. எண் குறைந்தால் தரமும் அளவும் கூடும். ஒலி ஏஏசி 160 கேபிபிஎஸ். பத்து நிமிடத்துக்கு 12 எம்பிதான், தோல் வாத்தியத்துக்கு இதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பிரேம் ரேட்டில் 60ஐத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் ‘கான்ஸ்டன்ட்’ என்பதையும் குறியுங்கள். போன் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தகுந்தபடி பிரேம் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்து எடுக்கும். எடிட்டிங் மென்பொருள் அதைச் சீராக எடுத்ததாக நினைத்துக்கொண்டால் பாடத்தின் எட்டாவது நிமிடத்தில் கை ஒரு இடத்தில், சத்தம் ஒரு இடத்தில் இருக்கும். பேச்சு வீடியோவில் இது உறுத்தல். மிருதங்கத்தில் பாடமே தப்பு.

‘அட்வான்ஸ்டு’ பெட்டியில் கீபிரேம் இடைவெளியை, அதாவது ‘கீஇன்ட்’ என்ற அளவை, 120 என்று கொடுங்கள். கீபிரேம் என்பது தனியாகவே முழுப் படமாக நிற்கும் பிரேம். வழக்கமான அமைப்பில் பல விநாடிக்கு ஒன்றுதான் வரும். பின்னால் தள்ளிப் பார்க்கும்போது பிரௌசர் முந்தைய கீபிரேமிலிருந்து எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டு வர வேண்டும். பழைய போனில் திக்கும். உங்கள் மாணவர் ‘தரிகிடதொம்’ விழும் அந்த ஒன்றரை விநாடியைத்தான் இருபது தடவை திருப்பிப் பார்ப்பார். 60 பிரேமுக்கு 120 என்றால் இரண்டு விநாடிக்கு ஒரு கீபிரேம். கோப்பு கொஞ்சம் பெருக்கும், பெருக்கட்டும்.

கடைசியாக, ‘வெப் ஆப்டிமைஸ்டு’ என்ற கட்டத்தில் டிக் போடுங்கள். எந்தப் பிரேம் கோப்பில் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை எம்பி4 கோப்பில் உண்டு. படம் எடுத்து முடிந்த பிறகுதான் அது தெரியும் என்பதால் போன் அதைக் கடைசியில் எழுதும். பிளே அழுத்தியதும் பிரௌசருக்கு முதலில் வேண்டியது அந்த அட்டவணைதான். டிக் போட்டால் அட்டவணை கோப்பின் தலைக்கு வரும், தட்டியதும் ஓடும். போடாவிட்டால் சில சர்வர்களில் 150 எம்பியும் இறங்கும்வரை ஒன்றும் நடக்காது.

‘எல்லோருக்கும் ஓடுகிறது, ஐபோனில் மட்டும் ஓடவில்லை’ என்ற புகார் வந்தால், கோப்பைத் துண்டு துண்டாகக் கொடுக்க சர்வருக்குத் தெரியவில்லை என்பதே முதல் சந்தேகம். சஃபாரி முதலில் இரண்டே பைட் கேட்டுப் பார்க்கும். சர்வர் முழுக் கோப்பையும் தூக்கிக் கொடுத்தால் மறுத்துவிடும். கம்ப்யூட்டரில் குரோமைத் திறந்து எஃப்12 அழுத்தி, ‘நெட்வொர்க்’ பகுதியில் வீடியோ வரிசையில் ‘ஸ்டேட்டஸ்’ எண்ணைப் பாருங்கள். 206 (துண்டாகக் கொடுத்தது) என்றால் சரி. 200 (முழுதாகக் கொடுத்தது) என்றால் சர்வரோ, இடையில் புகுந்து கோப்பைக் கொடுக்கும் ‘டவுன்லோட் பாதுகாப்பு’ பிளகினோ காரணம். பிளகினை நிறுத்திவிட்டு மறுபடி பாருங்கள்.

பக்கத்தில் வீடியோவை வைக்கும்போது ‘ப்ரீலோட்’ என்பதை ‘நன்’ என்று வைத்து, ‘போஸ்டர்’ படம் ஒன்றைக் கொடுங்கள். முகப்புத் துணுக்கு தானாக ஓட வேண்டுமானால் ஒலியை அடைத்துத்தான் வைக்க முடியும். சத்தத்தோடு தானாக ஓடுவதைக் குரோம் 2018 முதல் தடுக்கிறது. ஐபோனில் முழுத்திரைக்குத் தாவாமல் இருக்க ‘பிளேஸ்இன்லைன்’ சேருங்கள்.

சொற்கட்டுகளைத் தமிழில் வசனவரியாகக் கொடுப்பதாக இருந்தால் கோப்பு யூனிகோடில், யுடிஎஃப்-8 ஆகச் சேமித்திருக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை ஒட்டினால் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். எஸ்ஆர்டி என்ற வசனவரிக் கோப்பைப் பெயர் மட்டும் மாற்றினாலும் போதாது: பிரௌசருக்கு வேண்டிய வெப்விடிடி முறையில் முதல் வரியில் அந்த முறையின் பெயர் இருக்க வேண்டும், மில்லிவிநாடிக்கு முன் காற்புள்ளிக்குப் பதில் புள்ளி வர வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் எந்தப் பிழைச் செய்தியும் காட்டாமல் வசனவரி வராமலேயே போகும்.

அசல் 36 ஜிபியை ஏற்றி முடித்ததும் போனிலிருந்து அழித்துவிடாதீர்கள். எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்கில் ஒன்று, வேறு வீட்டில் இருக்கும் இன்னொரு டிஸ்கில் ஒன்று என்று இரண்டு பிரதி எடுத்து, இரண்டிலிருந்தும் ஒரு பாடத்தை ஓட்டிப் பார்த்த பிறகு அழியுங்கள். சேவை மூடினாலும் கட்டணம் ஏறினாலும், அசல் கையில் இருந்தால் வேறு இடத்துக்கு மாறுவது ஒரு வார வேலை.

முதலில் ஒரே ஒரு பாடத்தை ஏற்றுங்கள். கனடாவில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர், மொபைல் டேட்டா மட்டும் உள்ள ஒருவர், பழைய ஆண்ட்ராய்டு வைத்திருக்கும் ஒருவர் என்று நாலு மாணவர்களிடம் கொடுத்து, தட்டியதிலிருந்து எத்தனை விநாடியில் ஓடியது, பின்னால் தள்ளினால் நின்றதா, கையும் சத்தமும் கடைசி நிமிடத்தில் சேர்ந்தே இருந்தனவா என்று கேளுங்கள். மற்ற பாடங்களை அதன் பிறகு ஏற்றலாம்.