கேள்வி - பதில்: மடித்து எடுத்துப் போகிற வீடு

கேள்வி: புலம்பெயர்ந்த கலைஞர்கள் விட்டுவந்த வீட்டையே ஏன் திரும்பத் திரும்பப் படைக்கிறார்கள்? புது ஊர் அவர்களைத் தொடுவதே இல்லையா?

பதில்: தொடாமல் என்ன! தென்கொரியாவில் பிறந்த டோ ஹோ சு, சியோலில் தான் வளர்ந்த வீட்டை மெல்லிய பட்டுத்துணியில் நிஜ அளவிலேயே தைத்தார். அப்புறம் நியூயார்க்கில் வாடகைக்குக் குடியிருந்த வீட்டையும் விடவில்லை. கதவுப்பிடி, சுவிட்ச் வரை துணியிலேயே செய்தார். மடித்துப் பெட்டியில் வைத்து அடுத்த ஊருக்குக் கொண்டுபோகலாம். இடம் மாறியவருக்கு மட்டுமே இப்படித் துணியில் வீடு தைக்கும் எண்ணம் தோன்றியிருக்கும் என்று நம்புகிறேன்.

அலிகாரில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த ஜரீனா, 1999-இல் 36 மர அச்சுப் படங்கள் செய்தார். ஒவ்வொன்றிலும் ஓர் உருதுச் சொல்: வாசல், முற்றம்... அவர் இழந்தது சுவர்களை மட்டுமல்ல, அவற்றை அழைத்த மொழியையும். எனக்கு அதுதான் அதிகம் வலிக்கிறது.