டீச்சரைக் கேளுங்கள்: ‘இப்ப வந்துடுறேன்’ என்று சொல்லாதீர்கள்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் 1988-ல் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்தேன். 2022 மே மாதம் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றேன். இடையில் வந்த ஜூன் மாதங்களில் பெரும்பாலானவை ஒன்றாம் வகுப்புத் தரையில் உட்கார்ந்து கழிந்தவை. எங்கள் பக்கம் ஜூன் என்றால் இரண்டு விஷயம்தான் பேச்சு. 12-ஆம் தேதி மேட்டூர் திறப்பார்களா, பள்ளிக்கூடம் என்றைக்குத் திறக்கிறது? இந்த முறை வந்த கடிதங்களும் இரண்டாவதைப் பற்றியே.

*“என் மகள் இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். கேட் வரை சிரித்துக்கொண்டே வருகிறாள். உள்ளே போகச் சொன்னதும் என் ஷாலைப் பிடித்துக்கொண்டு அலறுகிறாள். ‘அவ பாக்காதப்ப நைசா வந்துடு’ என்கிறார் என் கணவர். நான்கு நாளாக அப்படித்தான் வருகிறேன். அழுகை கூடுகிறதே தவிரக் குறையவில்லை.”*
– ஒரு தாய், கும்பகோணம்

கூடத்தான் செய்யும் அம்மா. முதல் நாள் அவள் திரும்பிப் பார்த்தபோது நீங்கள் அங்கே இல்லை. இரண்டாம் நாளிலிருந்து, அம்மா எந்த நிமிஷம் காணாமல் போவாளோ என்று உங்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வகுப்பில் என்ன இருக்கிறது, பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க அவளுக்கு ஏது கண்?

தொண்ணூறுகளின் நடுவில் என் வகுப்புக்கு ஒரு பையன் வந்தான். அவன் அம்மா நடவு வேலைக்குப் போகிறவர். குறுவை நடவு மும்முரமாக நடந்த நேரம். காலை எட்டரைக்கே பையனைக் கொண்டுவந்து விட்டு, ‘இப்ப வந்துடுறேன்டா’ என்று சொல்லிவிட்டு ஓடுவார். அவன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அழுது ஓய்ந்த பிறகும் நிற்பான். சட்டையின் மேல் பட்டனை வாயில் வைத்துச் சப்பிச் சப்பி, நூல் நைந்து பட்டன் தொங்கிக்கொண்டிருக்கும். மதியம் சோற்றுத் தட்டை ஜன்னலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். ‘இப்ப’ என்றால் எவ்வளவு நேரம் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒவ்வொரு நிமிஷமும் அவனுக்கு ‘இப்ப’தான்.

ஒரு சாயங்காலம் அந்த அம்மாவை உட்கார வைத்துப் பேசினேன். “உண்மையைச் சொன்னா அழுவான் டீச்சர்” என்றார். “அழட்டும், ஆனா உங்களை நம்புவான்” என்றேன். மறுநாள் அவர் பையன் முன்னால் குந்தி உட்கார்ந்து, “அம்மா நடவுக்குப் போறேன். நாலு மணிக்கு மணி அடிச்சதும் அந்தப் புங்கமரத்துக்கிட்ட நிப்பேன்” என்றார். அழத்தான் செய்தான். ஆனால் நாலு மணிக்கு அவர் காலில் சேறு காயாமல் புங்கமரத்தடியில் நின்றார். அடுத்த நாளும் நின்றார்.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்குத் திடீரென்று மணி அடிக்கிறது. எங்கள் பள்ளியில் மணி என்பது கிளையில் கட்டித் தொங்கவிட்ட ஒரு தண்டவாளத் துண்டு. ஓடிப்போய்ப் பார்த்தால், இவன் இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் தூக்கி அடித்துக்கொண்டிருக்கிறான். ஒவ்வோர் அடிக்கும் புங்கமரத்தைத் திரும்பிப் பார்க்கிறான். அதற்குள் நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார்கள். திட்ட எனக்கு வாய் வரவில்லை. மணி அடித்தால் அம்மா வருவாள் என்று அவன் சரியாகத்தானே கணக்குப் போட்டிருக்கிறான்! சுவர்க் கடிகாரத்தில் நான்கின் பக்கத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டி, “சின்ன முள்ளு இங்க வந்ததும் நீதான் அடிக்கணும்” என்று சொன்னேன். அந்த வருஷம் முழுக்க நாலு மணி அடிக்கும் வேலை அவனுடையது. ஜன்னலை விட்டுக் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தான். கடிகாரத்துக்குக் கீழே கரும்பலகை இருந்தது. அப்படியே அதையும் பார்த்தான்.

அதனால் நைசாக வராதீர்கள். வகுப்பு வாசலில், டீச்சர் பக்கத்தில் இருக்கும்போது, ‘நான் போய்ட்டு வர்றேன், மணி அடிச்சதும் இந்த இடத்துல இருப்பேன்’ என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். அழுதால் திரும்பி வந்து இன்னொரு முத்தம், இன்னொரு சமாதானம் என்று நீட்டவும் வேண்டாம். ஆனால் சொன்ன இடத்தில், சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னால் நில்லுங்கள். தாமதமாகிற வேலை இருந்தால், வேறு யார் வருவார்கள் என்று காலையிலேயே அவளிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் கைக்குட்டை ஒன்றை அவள் பையில் வைத்து அனுப்பினாலும் நல்லது. சனி, ஞாயிறு வீட்டில் இருந்துவிட்டுத் திங்கட்கிழமை மறுபடி அழுவாள். அது எல்லாப் பிள்ளைக்கும் உண்டு.

வீட்டுக்கு வந்ததும் ‘இன்னைக்கு அழுதியா?’ என்று கேட்காதீர்கள். ‘பக்கத்துல யாரு உக்காந்தா?’ என்று கேளுங்கள். ஒரு பெயர் சொல்லிவிட்டாளென்றால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

அப்புறம், கழிப்பறை. அழுகிற பிள்ளைகளில் சிலருக்குக் காரணமே அதுதான். எங்கே இருக்கிறது என்று தெரியாது, எப்படிக் கேட்பது என்று தெரியாது, கேட்டாலும் கொக்கியைக் கழற்றத் தெரியாது. ஒருநாள் முன்னதாகவே போய் டீச்சரிடம் கேட்டு, கழிப்பறையை நீங்களே அவளுக்குக் காட்டுங்கள். ‘டீச்சர், ஒண்ணுக்கு’ என்று சத்தமாகச் சொல்ல வீட்டிலேயே பழக்குங்கள். பாவாடையோ டிராயரோ, இடுப்பில் எலாஸ்டிக் வைத்ததாக இருக்கட்டும்.

*“பேரனுக்கு வருகிற செப்டம்பரில்தான் ஐந்து முடிகிறது. சூட்டிகையான பையன். ஒன்றாம் வகுப்பில் இப்போதே சேர்க்கலாமா? பிறப்புச் சான்றிதழில் இன்னும் பெயர் ஏற்றவில்லை. எங்கள் காலத்தில் இத்தனை தொல்லை கிடையாது.”*
– ஒரு தாத்தா, பட்டுக்கோட்டை

உண்மைதான் ஐயா. உங்கள் காலத்தில் வலது கையைத் தலைக்கு மேல் சுற்றி இடது காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பு. பிறந்த தேதியைத் தலைமையாசிரியரே எழுதிக்கொள்வார். அதனால்தான் அந்தக் காலத்துப் பதிவேட்டைப் புரட்டினால் ஊரில் பாதிப் பேர் மே, ஜூனில் பிறந்தவர்களாக இருப்பார்கள். என் அப்பாவும் அப்படி ‘ஜூனில் பிறந்தவர்’தான்.

இப்போது ஜூலை 31-க்குள் ஐந்து வயது முடிந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். உங்கள் பேரனுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. அந்த வருஷத்தை அவனுக்குக் கொடுத்துவிடுங்கள். சூட்டிகையான பிள்ளை எழுத்தைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வான், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் பென்சிலை அழுத்திப் பிடிக்கும் விரல் பலமும் நாற்பது நிமிஷம் ஓரிடத்தில் உட்காரும் பொறுமையும் வயதோடுதான் வரும். அங்கன்வாடிக்கு அனுப்புங்கள். மணலில் விளையாட விடுங்கள். அரிசி பொறுக்க வீட்டில் பாட்டியோடு உட்கார வையுங்கள். விஜயதசமியன்று பரப்பிய நெல்லில் விரல் பிடித்து எழுத வைப்பது உங்கள் கையால் நடக்கட்டும். அது அவனுக்கு மறக்காது.

சான்றிதழில் பெயரைப் பிறந்த 15 வருஷத்துக்குள் ஏற்றிக்கொள்ளலாம். முதல் ஒரு வருஷம் தாண்டிவிட்டதால் சிறு கட்டணம் உண்டு. பெயரில் இனிஷியல், எழுத்து எல்லாம் ஆதாரில் உள்ளது போலவே இருக்கிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். இன்றைக்கு ஓர் எழுத்து தப்பினால் பத்தாம் வகுப்பில் அலைய வேண்டியிருக்கும்.

*“செங்கல் சூளை வேலைக்காகக் குடும்பத்தோடு இடம் மாறி வந்திருக்கிறோம். மகள் மூன்றாம் வகுப்பு. பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் கையில் இல்லை. ‘டி.சி. வாங்கிட்டு வாங்க’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.”*
– ஒரு தாய், திருவள்ளூர்

திரும்பப் போங்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதமாகிறது என்பதற்காக அரசுப் பள்ளியிலோ அரசு உதவி பெறும் பள்ளியிலோ பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது. வயதுச் சான்று இல்லை என்பதும் காரணம் ஆகாது. பழைய பள்ளியில் கொடுத்த எமிஸ் எண் (பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் பிள்ளைக்கு உள்ள அடையாள எண்) இருந்தால் தலைமையாசிரியர் கணினியிலேயே பார்த்துக்கொள்வார். அந்த எண்ணை அரிசி டப்பா மூடியிலாவது எழுதி வையுங்கள். அப்படியும் மறுத்தால் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள். பிள்ளையையும் கூடவே கூட்டிப் போங்கள்.

*“ஒன்றாம் வகுப்பு மகனுக்கு அவன் படிக்கும் பள்ளியில் தினமும் நான்கு பக்கம் வீட்டுப்பாடம் கொடுக்கிறார்கள். பாதியில் தூங்கிவிடுகிறான். மீதியை நானே எழுதுகிறேன்.”*
– ஒரு தந்தை, திருச்சி

எழுதாதீர்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-லேயே சொல்லியிருக்கிறது. நோட்டில் ‘தூங்கிவிட்டான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். நான்கு பெற்றோர் சேர்ந்து போய்ப் பேசினால் இன்னும் நல்லது.

*“பள்ளியிலேயே காலை உணவு போடுகிறார்கள். வீட்டில் ஒன்றும் கொடுக்காமல் அனுப்பலாமா? மாமியார், ‘பள்ளிக்கூடத்துச் சோத்தைத் தின்னா ஊர் என்ன சொல்லும்’ என்கிறார்.”*
– ஒரு வாசகி, மன்னார்குடி

தயங்காமல் அனுப்புங்கள். என் பணிக்காலம் முழுக்க, காலை பத்தரை, பதினோரு மணிக்கு வகுப்புக்கு இரண்டு பிள்ளையாவது எழுந்து வந்து, ‘டீச்சர், வயிறு வலிக்குது’ என்று நிற்கும். வேலைக்கு வந்த முதல் வருஷம் அதை நம்பி ஓம வாட்டர் கொடுத்திருக்கிறேன். எங்கள் சத்துணவு ஆயாதான், “டீச்சர், அது பசி. அந்தப் புள்ளைக்குச் சொல்லத் தெரியல” என்றார். அதற்குப் பிறகு மேசை டிராயரில் எப்போதும் ஒரு பாக்கெட் ரொட்டி இருக்கும். பிரேயரில் மயங்கி விழுந்த பிள்ளைகளைத் தூக்கிய கை இது.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கியது. நான் ஓய்வு பெற்று நான்கு மாதம்கூட ஆகவில்லை. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் வந்தது. அப்போது என் பழைய பள்ளிக்குப் போய் ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். ரவை உப்புமாவும் காய்கறிச் சாம்பாரும். பதினோரு மணி தாண்டியும் எந்தப் பிள்ளையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து வரவில்லை. வீட்டுக்கு வந்து வெகுநேரம் அழுதேன். உங்கள் மாமியாரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். தூரத்திலிருந்து நடந்து போகிற பிள்ளை என்றால் கிளம்பும்போது ஒரு டம்ளர் பால் மட்டும் கொடுத்து அனுப்பலாம்.

*“மகள் இடது கையால் எழுதுகிறாள். பாட்டி கையைத் தட்டிவிடுகிறார்.”*
– நாகப்பட்டினம்

தட்டக் கூடாது. எழுதட்டும். பெஞ்சில் இடது ஓரத்தில் உட்கார வைக்கும்படி டீச்சரிடம் மட்டும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துப் பிள்ளையோடு முழங்கை இடித்துக்கொண்டே இருக்கும்.

*“எனக்கு முதல் பணி. ஈராசிரியர் பள்ளி. ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகள் சேர்த்து 19 பிள்ளைகள் என்னிடம். அதில் ஒன்றாம் வகுப்பு ஏழு பேர். முதல் வாரம் எதில் ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை அம்மா.”*
– ஓர் இளம் ஆசிரியை, வேதாரண்யம்

வாம்மா. தொடக்க வகுப்புகளுக்கான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டப் பயிற்சியில், பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து நடத்தச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அது நல்ல ஏற்பாடு. மூன்று வகுப்பும் ஒரே அறையில் இருக்கிற உனக்குத் தோதாகவும் இருக்கும். நான் சொல்வது அதற்கு முன்னால் ஒரு வாரம்.

புதிதாக வந்தவர்களுக்கு முதல் நாளே ‘அ’ எழுதக் கொடுக்காதே. சுழியும் வளைவும் கோடும் ஒன்றாகச் சேர்ந்த எழுத்து அது. பிஞ்சு விரலுக்கு மலை ஏறுகிற மாதிரி. நான் ‘ட’வில் ஆரம்பிப்பேன். மேலிருந்து ஒரு கோடு, பக்கத்தில் ஒரு கோடு, முடிந்தது. அடுத்து ‘ப’. அடுத்து ‘ம’. இந்த மூன்றும் புள்ளியும் தெரிந்துவிட்டால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் படித்துவிடலாம். இரண்டாவது வாரமே ஒரு பிள்ளை தானாக ‘பட்டம்’ என்று வாசிக்கும்போது அதன் முகத்தைப் பார். தாளில் எழுதும் முன் தரையில் சாக்பீஸ் கோட்டின் மேல் புளியங்கொட்டை அடுக்கட்டும். செயல்வழிக் கற்றல் 2007-ல் மாநிலம் முழுக்க வந்தபோது, பிள்ளைகள் உட்கார்ந்தே எழுத வசதியாகச் சுவரின் கீழ்ப்பகுதியில் கரும்பலகை அமைத்தார்கள். உன் அறையிலும் இருந்தால், வெள்ளையடிக்க வருகிறவர்கள் அதை மூடிவிடாமல் பார்த்துக்கொள்.

இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிப் பயப்படாதே. ஆளுக்கொரு புதுப் பிள்ளையைப் பொறுப்பாகக் கொடு. தண்ணீர்க் குழாய், கழிப்பறை, தட்டு கழுவும் இடம் எல்லாம் அவர்கள் காட்டிக் கொடுப்பார்கள். உன்னைவிட நன்றாகவே செய்வார்கள்.

இன்னொன்று. கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி, ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதி வாசலில் ஒரு மேசையில் கவிழ்த்து வை. பின்பக்கம் ஆளுக்கொரு படம்: பூனை, குடை, மீன். காலையில் உள்ளே வரும்போது ஒவ்வொருவரும் தன் படத்தைத் தேடி எடுத்துப் பெயர்ப் பக்கம் தெரியும்படி திருப்பி வைக்க வேண்டும். எழுத்துத் தெரியாத பிள்ளைகூட பத்து நாளில் தன் பெயரை அடையாளம் கண்டுகொள்ளும். உனக்கும் யார் வரவில்லை என்பது பார்த்ததும் தெரிந்துவிடும். ஓர் அட்டை தொடர்ந்து மூன்று நாள் திருப்பாமலே கிடந்தால், அன்று சாயங்காலம் அந்த வீட்டுக்கு நடந்து போ. போகும்போது அந்த அட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு போம்மா.