மோட்டார் கிளம்பினால் ரோபோ ஏன் மயங்குகிறது?

கேள்வி: ஆர்டுயினோ ஊனோ என்ற புரோகிராம் செய்யக்கூடிய சின்ன எலெக்ட்ரானிக் போர்டில் கறுப்புக் கோட்டைப் பின்தொடரும் ரோபோ செய்திருக்கிறேன். யூஎஸ்பி கேபிள் மாட்டியிருந்தால் ஒழுங்காக ஓடுகிறது. கேபிளைக் கழற்றி 9 வோல்ட் பேட்டரியில் மட்டும் விட்டால் அரை அடி நகர்ந்து நிற்கிறது, மறுபடி நகர்கிறது, மறுபடி நிற்கிறது. புரோகிராமை நான்கு முறை மாற்றி எழுதிவிட்டேன். எங்கே தவறு, ஐயா?
– டிப்ளமோ இரண்டாம் ஆண்டு மாணவி, திண்டுக்கல்

பதில்: புரோகிராமில் இனி கை வைக்காதேம்மா. ரோபோ நிற்கும்போது குனிந்து, 13ஆம் பின் பக்கத்தில் உள்ள சின்ன எல்இடியைப் பார். படபடவென்று சிமிட்டினால் போர்டு ரீசெட் ஆகிறது, அதாவது அணைந்து முதலிலிருந்து தொடங்குகிறது என்று பொருள்.

குற்றவாளி அந்தச் சதுரப் பேட்டரி. மல்டிமீட்டர் போல சொற்ப கரண்ட் இழுக்கும் கருவிகளுக்கு அது போதும். சக்கரத்தைச் சுற்றும் மஞ்சள் பிஓ (பேட்டரியில் ஓடும்) மோட்டாரோ, ஓடும்போது இழுப்பதைவிடக் கிளம்பும் கணத்தில் பல மடங்கு இழுக்கும். இரண்டு மோட்டாரும் சேர்ந்து கிளம்பினால் பேட்டரியின் வோல்டேஜ் சரிந்து, ஊனோ அணைந்து எழுகிறது. கேபிள் இருந்தால் அந்த நேரத்தில் கணினியிடமிருந்து மின்சாரம் வாங்கிக்கொண்டு தப்பித்துவிடுகிறது.

18650 லித்தியம் செல் இரண்டை ஹோல்டரில் தொடராக மாட்டு. முழு சார்ஜில் 8.4 வோல்ட் வரும். பாசிட்டிவை மோட்டார் டிரைவருக்கும் (மோட்டாருக்குக் கரண்ட் அனுப்பும் சர்க்யூட்) ஊனோவில் வெளி மின்சாரம் வாங்கும் 'விஇன்' பின்னுக்கும் கொடு. டிரைவரின் கிரவுண்டும் (நெகட்டிவ் பக்கம்) ஊனோவின் கிரவுண்டும் கட்டாயம் இணைந்திருக்க வேண்டும். மாணவனாக இருந்தபோது இந்த ஒரு ஒயரை விட்டுவிட்டு ஓர் இரவு முழுக்கத் தேடியிருக்கிறேன். பழைய லேப்டாப்பிலிருந்து பிரித்தெடுத்த செல் மட்டும் வேண்டாம். தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

நீ கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். விடுதி அறையில் டியூப்லைட்டுக்கு அடியில் அழகாக ஓடிய எங்கள் ரோபோ, போட்டியன்று ஜன்னலோர வெயில் பட்டதும் கோட்டிலிருந்து விலகி ஓடியது. சூரிய ஒளியிலும் அகச்சிவப்புக் கதிர் உண்டு; கோட்டைக் கண்டுபிடிக்கும் ஐஆர் (அகச்சிவப்பு) சென்சார் அதையும் சேர்த்தே படிக்கும். அனலாக் வெளியீடு உள்ள (ஒளிக்கு ஏற்ப ஏறி இறங்கும் அளவைத் தரும்) சென்சார் என்றால், வீட்டில் எடுத்த எண்ணை நம்பாதே. போட்டி நடக்கும் தரையிலேயே வெள்ளைக்கும் கறுப்புக்கும் 0 முதல் 1023 வரை என்ன காட்டுகிறது என்று சீரியல் மானிட்டரில் (போர்டு அனுப்பும் எண்களைக் கணினியில் காட்டும் திரை) பார்த்து, இரண்டுக்கும் நடுவில் எல்லையை வை. சென்சாரைச் சுற்றிக் கறுப்புச் சார்ட் அட்டையில் ஒரு மறைப்பும் ஒட்டிவிடு.

செல் மாற்றிய பிறகும் அந்த எல்இடி சிமிட்டினால், ஒயரிங் படத்தோடு எழுதும்மா.