ஒரே மாத்திரை, அப்பாவுக்கு மட்டும் நாடி ஏன் இறங்குகிறது?

கேள்வி: எனக்கு 39 வயது, அப்பாவுக்கு 74. இரண்டு பேருமே பிரஷருக்கு தினம் அட்டெனலால் 50 மில்லிகிராம் போடுகிறோம். என் நாடித்துடிப்பு 68, அவருக்கு 46. காலையில் கட்டிலை விட்டு எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார். மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் துடிப்பு 46 என்பதோடு தலைசுற்றலும் இருப்பதால், அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள். ஈசிஜி எடுத்தாக வேண்டும். மயக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அட்ரினலின் வந்து தட்டினால் இதயத்தை வேகப்படுத்துபவை, இதயச் செல்களில் உள்ள பீட்டா ஏற்பிகள். அவற்றை மூடிவைக்கும் பீட்டா தடுப்பு மருந்துதான் அட்டெனலால். வயதாக ஆக, அதே ஏற்பிகளைத் தட்டும் நார்அட்ரினலின் ரத்தத்தில் கூடுகிறது. ஓயாமல் தட்டுவதால் இதயச் செல்கள் அதற்குப் பழகி மந்தமாகிவிடுகின்றன. 1979-ல் வெளியான ஓர் ஆய்வில், துடிப்பை நிமிடத்துக்கு 25 உயர்த்துவதற்கு, அந்த ஏற்பிகளைத் தட்டும் ஐசோபுரோட்டெரினால் என்ற மருந்து இளையவர்களைவிட முதியவர்களுக்கு அதிகம் தேவைப்பட்டது. அதைத் தடுக்கும், அட்டெனலால் வகையைச் சேர்ந்த புரோப்ரனலாலும் முதியவர்களிடம் குறைவாகவே வேலை செய்தது.

அப்படியானால் அப்பாவுக்கு மாத்திரை குறைவாகத்தானே பிடிக்க வேண்டும்? ஏற்பியை மட்டும் பார்த்தால் சரிதான். ஆனால் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவில் வயதோடு செல்கள் குறைந்து நார்த்திசு ஏறிவிடுகிறது. ஏற்கெனவே தளர்ந்த கணுவை லேசாக அழுத்தினாலே துடிப்பு இறங்கிவிடும். அப்புறம் சிறுநீரகம். அட்டெனலால் பெரும்பாலும் சிறுநீரில்தான் வெளியேறுகிறது. 74 வயதில் அந்த வடிகட்டல் குறைந்திருந்தால் நேற்றைய மருந்தின் மிச்சத்தின்மேல் இன்றைய மாத்திரை சேரும். சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் நார்மல் என்று எழுதியிருந்தாலும் நம்பி இருந்துவிடாதீர்கள். தசை வற்றிய முதியவர்களுக்கு அந்த எண் ஏமாற்றும், சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் ஈஜிஎஃப்ஆர் கணக்கைக் கேளுங்கள்.

திடீரென நிறுத்துவதில் ஓர் ஆபத்து உண்டு. மருந்து மூடிவைத்திருந்த காலத்தில் ஏற்பிகள் எண்ணிக்கையில் பெருகியிருக்கலாம். சட்டென்று எடுத்துவிட்டால் துடிப்பும் பிரஷரும் எகிறும். ரத்தக்குழாய் அடைப்பு உள்ளவருக்கு மாரடைப்பே வரலாம். குறைப்பதா, மாற்றுவதா, எத்தனை நாளில் என்பதை டாக்டர் சொல்லட்டும்.

அதுவரை தினமும் காலையில் உட்காரவைத்து, மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, முழு ஒரு நிமிடம் எண்ணிக் குறித்துவையுங்கள். உட்கார்ந்தபோதும் எழுந்து நின்றபின்னும் பிரஷர் பாருங்கள். கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய்க்கு டைமோலால் சொட்டு மருந்து விடுகிறாரா? அதுவும் பீட்டா தடுப்பு மருந்துதான், கண் வழியாக ரத்தத்தில் கலந்து துடிப்பைக் குறைக்கும். டில்டியாசெம், வெராபமில் மாத்திரைகள் வேறு வகை என்றாலும் அவையும் துடிப்பைக் குறைக்கும். டாக்டரிடம் போகும்போது அந்தச் சின்னச் சொட்டுப் புட்டியையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.