உறுதியில் ஒன்று, பேச்சில் ஒன்று

கேள்வி: அலஸ்தோட்டத்தில் 20 பேர்ச் காணியும் ஒரு சின்ன வீடும் வைத்திருக்கிறேன். புறோக்கர் பெரிய தொகை சொல்கிறார். கடனுக்காக வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் அதைவிடக் குறைத்து எழுதிவிட்டார். நான் வாங்கியபோது உறுதியில் போட்ட தொகை அதிலும் குறைவு. எதுதான் உண்மையான பெறுமதி? மதிப்பீட்டாளர் வேண்டுமென்றே குறைத்தாரா?
- வாசகர், திருகோணமலை

பதில்: உறுதியில் குறைத்துப் போட்டது மதிப்பீட்டாளர் இல்லையே! காணி வாங்கும்போது கட்டும் முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சம் ரூபாய்க்கு 3 சதவீதம், மிச்சத்துக்கு 4 சதவீதம். பேசிய காசு ஒன்று, எழுதிய காசு ஒன்று என்று ஊரில் நடப்பது அதற்காகத்தான். நீங்களும் அப்படிச் செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தொகையை இந்த வழக்கில் சாட்சிக்கு அழைக்காதீர்கள்.

புறோக்கர் சொன்னது விலை. அதுவும் கேட்கும் விலை. நிலாவெளி வீதியோரக் காணி போன கணக்கை வைத்து உள்ளொழுங்கைக் காணியையும் மட்டுக்கட்டிவிடுவார். காசோடு ஆள் வரும்வரை அது வாய்ப்பேச்சு.

பெறுமதி வேறு. "ஒரு சதம் பெறாது" என்று திட்டுகிறோமே, அந்தப் 'பெறு'தான் இதிலும் இருக்கிறது. யாரிடம், எந்த நிலையில் விற்றால் பெறும் என்று சொல்லாமல் தொகையை மட்டும் சொன்னால் அர்த்தமில்லை. வங்கி அறிக்கையை மறுபடி எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு தொகை இருக்கும். ஒன்று சந்தைப் பெறுமதி: அவசரமில்லாமல் விற்பவருக்கும் விவரம் தெரிந்து வாங்குபவருக்கும் இடையே படியக்கூடியது. மற்றது, நீங்கள் கடனைக் கட்டாமல் விட்டு, வங்கி அவசரமாக விற்க நேர்ந்தால் கைக்கு வரக்கூடியது. அது குறைவாகத்தான் இருக்கும். நீங்கள் எதைப் பார்த்துக் கொதித்தீர்கள்?

அப்புறம், வீட்டில் சோலைவரித் துண்டு இருந்தால் அதில் இன்னொரு தொகையும் கிடைக்கும். வருடாந்தப் பெறுமதி, அதாவது வருடத்துக்கு என்ன வாடகை பெறும் என்ற கணக்கு. அது குறைந்துபோனதென்று எனக்கு இதுவரை ஒருவரும் கடிதம் எழுதியதில்லை!

சரி, சந்தேகம் தீரவில்லையென்றால், பேர்ச்சுக்கு என்ன போட்டிருக்கிறார், அண்மையில் விற்ற எந்தக் காணியோடு ஒப்பிட்டார், ஒழுங்கையின் அகலம் சரியா என்று பாருங்கள். பிழை இருந்தால் நில அளவைப் படத்தோடு வங்கிக்குப் போய்க் கேளுங்கள். புறோக்கர் சொன்ன தொகையைக் கொண்டுபோகாதீர்கள்.