சூரமங்கலத்துத் தம்பிக்கு: பிரிஸ்டலில் ஆதிச் சபையைத் தேடுவது பற்றி

ஸ்தோத்திரம் தம்பி. உங்கள் கேள்வி போன வாரமே வந்துவிட்டது. நான் பிரிஸ்டலிலிருந்து விடுமுறைக்கு வந்து ஏற்காட்டில் இருக்கிறேன். மழை விட்டபாடில்லை, நெட்வொர்க் வருவதும் போவதுமாக இருக்கிறது. அதனால்தான் தாமதம்.

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியா பாருங்கள். சூரமங்கலத்தில் ஒரு வீட்டு மாடியில் பாய் விரித்து உட்கார்ந்து ஆராதித்துப் பழகியவர் நீங்கள். யார் வேண்டுமானாலும் எழுந்து சாட்சி சொல்லலாம், பாட்டு எடுக்கலாம், முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து சாப்பாடு. மனைவிக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்து இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்கு வந்தீர்கள். அங்கே போய்ப் பார்த்த சபைகளில் ஒரு மணி நேர ஆராதனை, ஒரு காப்பி, ஒரு பிஸ்கட், "நைஸ் டு மீட் யூ", அவ்வளவுதான். பன்னிரண்டு மணிக்குக் கதவைப் பூட்டிவிடுகிறார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரத்தில் ஆதிச் சபையார் வீடுகளில் அப்பம் பிட்டு, உள்ளதைப் பகிர்ந்துகொண்ட மாதிரி ஒரு ஐக்கியம் அந்த ஊரில் எங்கே இருக்கிறது என்று கேட்கிறீர்கள்.

அப்படி நடத்துகிறோம் என்று சொல்கிறவர்கள் பிரிஸ்டலில் தாராளமாக இருக்கிறார்கள். "காஸ்பல் ஹால்" என்று பலகை போட்ட சின்னக் கட்டடங்களை வழியில் பார்த்திருப்பீர்கள். நம் ஊரில் சகோதர சபை என்கிறோமே, அவர்களுடைய இடங்கள்தான். உள்ளே மேடையும் கிடையாது, பீடமும் கிடையாது. நடுவில் ஒரு மேஜை, அதில் வெள்ளைத் துணி போட்டு ஒரே ஒரு முழு ரொட்டி, ஒரு பாத்திரம். அதைச் சுற்றி நாற்காலிகள். சம்பளம் வாங்குகிற போதகர் கிடையாது. கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள், அப்புறம் ஒரு பெரியவர் எழுந்து பாட்டு நம்பர் சொல்வார், பெரும்பாலும் வாத்தியம் இல்லாமலே பாடுவார்கள். இன்னொருவர் ஜெபிப்பார். பிறகு ரொட்டியைப் பிட்டு வரிசையாகக் கைமாற்றுவார்கள். முதல்முறை போனபோது, நான் தேடியது இதுதான் என்று எனக்குத் தோன்றியது.

ஆனால் இரண்டு விஷயத்தை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள். ஒன்று, பல ஹால்களில் ஊர் சபையிலிருந்து கடிதம் இல்லாமல் வருகிறவரைப் பின்வரிசையில் உட்காரச் சொல்வார்கள், அப்பம் உங்கள் கைக்கு வராது. அவமானப்படுத்துவதாக நினைத்து முகம் சுளிக்க வேண்டாம், அது அவர்கள் வழக்கம். சூரமங்கலத்து மூப்பர்களிடம் ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்கிவிட்டால் முடிந்தது. இன்னொன்று, பெண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும், கூட்டத்தில் வாய் திறக்கக் கூடாது. என் வீட்டம்மாவுக்கு இது இன்றுவரை ஒப்பவில்லை. கொரிந்தியருக்கு எழுதின முதலாம் நிருபம் பதினோராம் அதிகாரத்தில் பெண்கள் ஜெபிக்கிறார்கள், தீர்க்கதரிசனம் சொல்கிறார்கள், அதை என்ன செய்வது என்று கேட்பார். நியாயமான கேள்விதான். சூரமங்கலத்தில் சாட்சி சொல்லிப் பழகிய உங்கள் மனைவியும் கேட்கத்தான் போகிறார்.

நீங்கள் வந்து இறங்கியிருக்கிற ஊருக்கும் இந்தத் தேடலுக்கும் பழைய சம்பந்தம் இருக்கிறது. 1820களின் கடைசியில் டப்ளினில் ஒரு சிலர், குருப்பட்டம் பெற்றவர் இல்லாமலே விசுவாசிகள் கூடி அப்பம் பிட்கலாம் என்று ஆரம்பித்தார்கள். அந்த யோசனையை முதலில் சொன்னவர்களில் ஒருவர் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற பல் வைத்தியர். அவர் பாக்தாத்துக்குப் போய், அங்கே 1831இல் கொள்ளைநோயில் மனைவியைப் பறிகொடுத்து, 1833இல் இந்தியாவுக்கு வந்தார். அவரோடு சேர்ந்து ஊழியம் செய்தவர்தான் நம் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன். மிஷன் சம்பளம் வாங்காமல் கிறிஸ்தியான்பேட்டையை உண்டாக்கினவர், 1860இல் திருநெல்வேலிப் பக்கத்தில் நடந்த எழுப்புதலில் அடிபடுகிற பெயர். குரோவ்ஸின் தங்கையைக் கட்டினவர் பிரிஸ்டல் ஜார்ஜ் முல்லர். ஆஷ்லி டவுனில் அவர் கட்டின ஐந்து பெரிய அநாதை இல்லக் கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன, ஒரு நாள் நடந்து போய்ப் பாருங்கள். ஒரே சமயத்தில் இரண்டாயிரம் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். யாரிடமும் பணம் கேட்டதில்லை அந்த மனிதர். குரோவ்ஸ் 1853இல் கண்ணை மூடியதும் முல்லர் வீட்டில்தான்.

இந்தக் கதையின் அடுத்த பாதியை யாரும் சாட்சியில் சொல்வதில்லை. எல்லா விசுவாசியும் ஒரே மேஜையில் என்று தொடங்கினவர்கள், யாரை மேஜைக்குச் சேர்ப்பது என்பதிலேயே 1848இல் பிரிந்தார்கள். அந்தச் சண்டைக்கு நடுவில் இருந்தது பிரிஸ்டலில் முல்லர் நடத்தின பெதஸ்தா சபை. திறந்த சகோதரர், மூடிய சகோதரர் என்ற பிரிவு அங்கிருந்து வந்ததுதான். உங்கள் சூரமங்கலம் இருக்கிற சேலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1827இல் லண்டன் மிஷன் சங்கத்தார் சேலத்துக்கு வந்தார்களே, அவர்களில் பெரும்பாலோர் சுயாதீனச் சபைக்காரர்கள். புதிய ஏற்பாட்டில் இருக்கிறபடி ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே நடத்திக்கொள்ள வேண்டும், மேலே பிஷப் வேண்டாம் என்று இங்கிலாந்து அரசாங்கத் திருச்சபையை விட்டு வெளியேறினவர்களின் வம்சம். அந்தச் சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையாகி, 1947இல் சி.எஸ்.ஐ. ஆகி, இன்றைக்கு ஒரு பிஷப்பின் கீழ் இருக்கின்றன. உங்கள் அப்பா "சடங்காச்சாரம்" என்று விட்டு வந்ததாகச் சொன்னீர்களே, அந்தச் சி.எஸ்.ஐ. ஆலயமும் ஒரு காலத்தில் ஆதிச் சபையைத் தேடிக் கிளம்பினவர்கள் வைத்ததுதான். அதனால் பலகையையும் உட்காருகிற விதத்தையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்பேன்.

வேறு எதைப் பார்ப்பது? என் கணக்கில் முதலில் பார்க்க வேண்டியது, வேலைக்குப் போய்விட்டு லேட்டாக வருகிறவரை அந்தச் சபை என்ன செய்கிறது என்பது.

கொரிந்துவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. திருவிருந்து என்பது முழுச் சாப்பாடு. வசதியுள்ளவர்கள் முன்னாலேயே வந்து சாப்பிட்டுக் குடித்து முடித்துவிடுகிறார்கள். அடிமைகளும் கூலிக்காரர்களும் வேலை முடிந்து வரும்போது ஒன்றும் மிச்சமில்லை. "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்று பவுல் கோபப்படுகிறார். கடைசியில் அவர் கொடுக்கிற தீர்ப்பு மிகவும் எளிமையானது: "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்." ஆதிச் சபை, ஆதிச் சபை என்று பேசுகிறவர்கள் அப்பம், அந்நியபாஷை, வீட்டுக் கூட்டம் எல்லாவற்றையும் சொல்வார்கள், இந்த வசனத்தை மட்டும் தாண்டிப் போய்விடுவார்கள். சுமார் 150ஆம் வருஷம் ரோமாபுரியில் யுஸ்தீன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதி வைத்திருப்பதையும் சேர்த்துப் பாருங்கள்: ஞாயிறன்று கூடுகிறார்கள், வாசிக்கிறார்கள், எழுந்து நின்று ஜெபிக்கிறார்கள், அப்பத்தைப் பங்கிடுகிறார்கள், வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். காணிக்கை அநாதைக்கும் விதவைக்கும் நோயாளிக்கும் சிறையில் இருக்கிறவனுக்கும் வெளியூர்க்காரனுக்கும் போகிறது. வெளியூர்க்காரன் என்றால் நீங்களும் நானும்தான்.

உங்கள் மனைவிக்கு ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல். மாதத்தில் பாதி ஞாயிறு டியூட்டி. "சிஸ்டர் ஏன் ஒழுங்காக வருவதில்லை" என்று கேட்கிற சபை ஒன்று, "சிஸ்டருக்கு எந்தக் கிழமை ஒழியும்" என்று கேட்கிற சபை ஒன்று. எவ்வளவு ஆவிக்குரிய பேச்சு இருந்தாலும் முதலாவதை விட்டுவிடுங்கள்.

இங்கே ஏற்காட்டில் போன புதன்கிழமை எங்கள் பக்கத்து வீட்டில் ஜெபக் கூட்டம். ஆறரைக்கு என்று பெயர். ஒரு அக்கா லாட்ஜ் ஒன்றில் சமையல் வேலை பார்க்கிறார், இன்னொரு குடும்பம் எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து வர வேண்டும். ஏழே கால் ஆகியும் யாரும் ஆரம்பிக்கவில்லை. சும்மா கீர்த்தனை பாடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பாட்டி ஒருத்தி மட்டும் "சுண்டல் ஆறுது" என்று முணுமுணுத்தார். அக்கா நனைந்த சேலையோடு வந்து, அடுப்பு ஓரமாக நின்று தலை துவட்டிக்கொண்ட பிறகுதான் வேதம் திறந்தார்கள். இவர்கள் எல்லோரும் சாதாரணச் சபைக்காரர்கள், அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காயை ஏலம் எடுக்கிறவர்கள். அந்த வீட்டு அம்மா இன்னமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து டப்பாவில் போடுகிறார். அந்தப் பிடியரிசி யார் வீட்டுக்குப் போகிறது என்று ஊருக்கே தெரியும். அப்போஸ்தலர் நடபடிகள் நான்காம் அதிகாரத்தில் உள்ளதைப் பொதுவாக வைத்துத் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்தார்களே, அது அந்த டப்பாவில் கொஞ்சம் இருக்கிறது.

பிரிஸ்டலில் தமிழ் வீட்டுக் கூட்டங்களும் இருக்கின்றன. வீட்டில் கூடுவதற்கு வேதத்திலேயே முன்மாதிரி உண்டு, அதுவும் புலம்பெயர்ந்த ஒரு ஜோடி. கிலவுதியு ராயன் யூதரை ரோமாபுரியை விட்டுத் துரத்தியபோது ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் கொரிந்துவுக்கு வந்து கூடாரத் தொழில் செய்தார்கள், அப்புறம் எபேசு, மறுபடி ரோமாபுரி. எபேசுவிலும் ரோமாபுரியிலும் அவர்கள் வீட்டில் சபை. ஆனால் பிரிஸ்டலில் வாடகை வீட்டில் கூடினால் டிரம் வேண்டாம், ஒலிபெருக்கி கூடவே கூடாது, பக்கத்து வீட்டுக்காரர் வாசலை அடைத்துக் காரை நிறுத்தக் கூடாது. நல்ல கூட்டம் ஒன்று பார்க்கிங் தகராறில் கலைந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிய தகராறு பாஷையில் வரும். மலையாளப் பாட்டு எத்தனை, தமிழ்ப் பாட்டு எத்தனை, ஆங்கிலத்தில் ஏன் மொழிபெயர்க்க வேண்டும், இலங்கைக்காரர் ஏன் தனியாக உட்காருகிறார்கள் என்றெல்லாம். எருசலேமிலேயே இது நடந்தது. கிரேக்கு பேசுகிறவர்களின் விதவைகளுக்குப் பந்தியில் குறை வைத்தார்கள் என்று முறுமுறுப்பு. பந்தி விசாரணைக்கு ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள், ஏழு பெயரும் கிரேக்குப் பெயர். குறை சொன்னவர்கள் பக்கத்து ஆட்கள் கையிலேயே பொறுப்பைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நான் வாசிக்கிறேன். அந்தத் தைரியம் நம் கமிட்டிகளில் எத்தனைக்கு இருக்கிறது?

பண விஷயத்தை வெட்கப்படாமல் கேளுங்கள். இங்கிலாந்தில் பதிவுபெற்ற அறக்கட்டளை என்றால் அதன் வரவு செலவை அறக்கட்டளை ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நீங்கள் வரி கட்டுகிறவராக இருந்து நூறு பவுண்டு கொடுத்தால், கிஃப்ட் எய்டு என்ற வரித் திட்டத்தில் சபை அரசாங்கத்திடம் இன்னும் இருபத்தைந்து பவுண்டு வாங்க முடியும். அந்தப் படிவத்தில் கையெழுத்து வாங்குகிறவர்களுக்குக் கணக்குக் காட்டுகிற கடமையும் உண்டு. சம்பளச் சீட்டைக் காட்டச் சொல்வது, பாஸ்போர்ட்டை "பத்திரமாக" வாங்கி வைப்பது, கல்யாணத்தை மூப்பர்தான் முடிவு செய்வார் என்பது, எங்களைத் தவிர மற்ற எல்லாம் பாபிலோன், அதாவது கெட்டுப்போன சபை, என்பது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். பிள்ளைகள் பிறந்து ஞாயிறு பள்ளிக்கு அனுப்பும் காலம் வந்தால், பாடம் எடுக்கிறவர்களுக்கு டி.பி.எஸ். என்கிற குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு நடந்ததா என்றும் கேளுங்கள். "விசுவாசிகளுக்குள் எதற்கு அதெல்லாம்" என்பவரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

கோடையில் ஊரிலிருந்து பிரசங்கிமார் வருவார்கள். அப்போஸ்தலருக்கு அடுத்த தலைமுறையைச் சேர்ந்ததாகச் சொல்லப்படுகிற டிடாகே என்ற சின்னக் கையேட்டில் இதற்கும் சட்டம் இருக்கிறது: வருகிற அப்போஸ்தலன் ஒரு நாள் தங்கலாம், தேவையென்றால் இரண்டு நாள், மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி. பணம் கேட்டாலும் அப்படியே. ஆறு வாரம் தங்குகிறவரை என்ன சொல்வதென்று அதில் எழுதவில்லை.

சரி, நான் என்ன செய்கிறேன் என்று கேட்டிருந்தீர்கள். ஞாயிறு காலை ஒரு காஸ்பல் ஹால், அங்கே இருப்பவர்கள் அநேகமாக வயதான ஆங்கிலேயர்கள். பேச்சு குறைவுதான், ஆனால் எங்கள் மூத்தவனுக்கு ஆபரேஷன் நடந்தபோது ஒரு வாரம் முழுக்க வாசலில் சாப்பாட்டுப் பாத்திரம் வந்துகொண்டிருந்தது. உப்பு உறைப்பு இல்லாத சாப்பாடு, ஊறுகாயை வைத்துச் சமாளித்தோம். தமிழில் ஜெபிக்காவிட்டால் நெஞ்சு அடங்காது என்பதால் எங்கள் வீட்டில் ஒரு சின்னக் கூடுகையும் உண்டு. நாலைந்து குடும்பம், இரண்டு மாணவர்கள். கிழமை நிரந்தரம் இல்லை. நர்ஸ்களின் ரோட்டா (ஷிப்ட் பட்டியல்) வந்த பிறகுதான் எந்த நாள் என்று முடிவு செய்கிறோம். நைட் டியூட்டி முடிந்து வந்து சுவரில் சாய்ந்து தூங்குகிறவர்களை யாரும் எழுப்புவதில்லை. பவுல் பிரசங்கித்துக்கொண்டிருந்தபோது தூங்கிப்போன ஐத்திகு என்ற வாலிபன் மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான், எங்கள் வீட்டில் கீழே தரைதான், பயமில்லை. எங்களுக்குள்ளும் மனஸ்தாபம் உண்டு, போன கிறிஸ்துமஸுக்கு இரண்டு குடும்பம் பேசிக்கொள்ளவில்லை. வந்து பார்த்துவிட்டுப் பிடித்தால் இருங்கள்.

நான் வியாழக்கிழமை சேலத்துக்கு இறங்குகிறேன், அங்கிருந்து அடுத்த வாரம் கிளம்புகிறேன். மூப்பர்களிடம் கடிதத்துக்கு இன்றைக்கே போன் போடுங்கள், நானே சூரமங்கலம் போய் வாங்கிக்கொள்கிறேன். அம்மா ஏதாவது கொடுத்தனுப்புவதாக இருந்தால் ஒரு இரண்டு கிலோ வரை பெட்டியில் இடம் இருக்கிறது. பருப்புப் பொடி, வடகம், மாம்பழ வற்றல் எல்லாம் சரி. நெய்யும் பால்கோவாவும் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், பால் சாமான்களை இங்கிலாந்துக்குள் விடமாட்டார்கள்.