பத்தாம் தேதிவரை அது யாருடைய பணம்?

கோவையிலிருந்து 28 வயது வாசகர் ஒருவர் எழுதுகிறார்: "அலுவலக நண்பர்களோடு சனிக்கிழமை இரவுகளில் பணம் வைத்துப் போக்கர் ஆடுகிறேன். விதிகள் தெரிந்தும் தோற்றுக்கொண்டே இருக்கிறேன். எந்தச் சீட்டுகளோடு இறங்குவது, எப்போது விடுவது என்று சொல்லுங்கள். பணத்துக்குத் தட்டுப்பாடில்லை, தங்கை கல்யாணத்துக்காக அப்பா 1ஆம் தேதி அனுப்பும் ஏலச்சீட்டுப் பணம் 15,000 ரூபாய் பத்தாம் தேதிவரை என் கணக்கில்தான் இருக்கும்."

தம்பி, நீங்கள் கேட்டதற்கே முதலில் பதில் சொல்கிறேன். உங்கள் கடைசி வரியைப் பற்றி நான் பேச வேண்டியது அந்தப் பதிலுக்குள்ளேதான் இருக்கிறது.

போக்கரில் கற்க வேண்டிய முதல் பாடம் விடுவது. கையில் தரப்படும் இரண்டு சீட்டுகளும் ஏஸ்களாக அமைவது 221 முறைக்கு ஒரு முறைதான். மணிக்கு முப்பது கை, அதாவது முப்பது ஆட்டம், ஆடும் மேசையில் ஏழு மணி நேரத்துக்கு ஒரு தடவை. பெரிய ஜோடி, ஏஸும் ராஜாவும் என்று ஒருசில கைகளைத் தவிர மற்றவற்றில் பெரும்பாலானதை, குறிப்பாக மற்றவர்களுக்கு முன்பாகவே நீங்கள் முடிவு சொல்ல வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது, பேசாமல் கீழே வைத்துவிட வேண்டும்.

அடுத்தது கணக்கு. உங்கள் கையில் இரண்டு ஆட்டின், மேசையில் எல்லோருக்கும் பொதுவாக விரித்த மூன்று சீட்டுகளில் இரண்டு ஆட்டின் என்று வையுங்கள். நீங்கள் பார்க்காத 47 சீட்டுகளில் ஒன்பது ஆட்டின் மிச்சம் இருப்பதால், அடுத்த சீட்டிலேயே ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டுகள்) அமைய ஏறத்தாழ 19 சதவீத வாய்ப்பு உண்டு. நடுவில் 1,000 ரூபாய் இருக்கும்போது எதிராளி இன்னொரு 1,000 கட்டினால், நீங்கள் 1,000 போட்டு மொத்தம் 3,000க்கு ஆடுகிறீர்கள். அடுத்த சீட்டை மட்டும் நம்பி அதைப் போடுவதற்கு 33 சதவீத வாய்ப்பாவது வேண்டும். 19ஐ வைத்துக்கொண்டு 33க்கு ஆடக்கூடாது, அவ்வளவுதான்.

இது உங்களுக்குத் தெரியாததல்ல. விதிகள் தெரியும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தெரிந்தும் ஏன் விட முடியவில்லை? இழந்த 1,000 ரூபாயைப் பத்தாம் தேதிக்குள் எப்படியாவது திருப்பி வைத்தாக வேண்டும் என்பதால், விட வேண்டிய கையை உங்களால் விட முடிவதில்லை. எதிரே இருப்பவர் தன் சம்பளத்தில் ஒரு பங்கை வைத்து ஆடுகிறார், நீங்கள் ஒரு கெடுவை வைத்து ஆடுகிறீர்கள். இந்த நிலையில் எந்த உத்தியைக் கற்றுக்கொடுத்தாலும் அது உங்கள் கையில் நிற்காது.

போக்கர் திறமை விளையாட்டுதானே என்று கேட்பீர்கள். 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றமும் அப்படித்தான் சொன்னது, நானும் மறுக்கவில்லை. ஆனால் இழந்தால் தாங்கக்கூடிய சொந்தப் பணத்தோடு உட்கார்ந்தால்தான் அந்தத் திறமைக்கு வேலை.

"என் கணக்கில்தான் இருக்கும்" என்று எவ்வளவு எளிதாக எழுதிவிட்டீர்கள்! கணக்கு உங்களுடையது, பணம் உங்கள் தங்கையுடையது. மகன் நேரத்துக்குக் கட்டிவிடுவான் என்று நம்பித்தான் உங்கள் அப்பா அனுப்புகிறார், அந்த நம்பிக்கையைத் தட்டுப்பாடில்லாத பணம் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? பத்தாம் தேதிக்குள் திருப்பி வைத்துவிட்டால் தப்பில்லை என்று சொல்லாதீர்கள். அண்ணன் என்பவன் தங்கையின் கல்யாணப் பணத்துக்குக் காவல் இருக்க வேண்டியவன், அதை ஒன்பது நாள் கடனாக எடுத்துக்கொள்ளும் உரிமை அவனுக்குக் கிடையாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

இதுவரை அதில் எவ்வளவு குறைந்தது, எந்த மாதமாவது கடன் வாங்கி ஈடுகட்டினீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. அந்தத் தொகையை இன்றே ஒரு தாளில் எழுதி, உங்கள் சம்பளத்திலிருந்து எடுத்து வையுங்கள். அடுத்த மாதத்திலிருந்து 15,000 ரூபாயை ஏலச்சீட்டு நடத்துபவருக்கே நேராக அனுப்பிவிடும்படி அப்பாவிடம் சொல்லுங்கள். காரணம் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் திட்டுவார், கேட்டுக்கொள்ளுங்கள். அதன்பிறகும் போக்கர் கற்க ஆசை இருந்தால், அதே நண்பர்களோடு புளியங்கொட்டையை வைத்து மூன்று மாதம் ஆடிப் பழகுங்கள். அப்போதும் கைகளை விட முடியவில்லை என்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.